வழி எழுதுகிற வேலை

எங்கள் வீட்டில் தையல் மிஷின் கிடந்த மேசையில் இப்போது ஒரு போயிங் 737 நிற்கிறது. அக்கா மகன் கொண்டுவந்து நிறுத்தியது. விழுப்புரத்தில் ஓர் ஆபீசை மூடியபோது பழைய கம்ப்யூட்டர்களை எடைக்குப் போடுவது மாதிரி போட்டார்கள். அதில் ஒன்றைத் தவணைக்கு வாங்கி, உள்ளே ஒன்றிரண்டு பாகத்தை மாற்றி, எக்ஸ்-பிளேன் என்கிற விமானம் ஓட்டுகிற மென்பொருளை ஏற்றினான். அதற்குக் காசு. ஆனால் அதற்குள் ஓடுகிற இந்த 737-800 விமானத்தைச் சில பேர் சேர்ந்து செய்து சும்மாவே கொடுக்கிறார்கள். ஸீபோ என்று பேர். சும்மா கிடைத்ததால்தான் எங்கள் தெருவுக்கும் வந்தது.

முதலில் எனக்கு எரிச்சல்தான். அக்கா கரும்பு வெட்டப் போகிறவள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துகொள்ள வேண்டும். இவன் ராத்திரி பதினோரு மணிக்கு லைட்டைப் போட்டுக்கொண்டு சாவிப்பலகையைத் தட்டிக்கொண்டிருப்பான். "ஏண்டா, வீடியோ கேம் ஆடுற வயசா இது? ஒரு புத்தகத்த எடுத்துப் படியேன்" என்பேன். எம்.ஏ. தமிழ் படித்தவர்களுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்.

"கேம் இல்ல சின்னம்மா. எழுதிக்கினு இருக்கேன்" என்றான் ஒருநாள்.

என்ன எழுதுகிறான் என்று போய்ப் பார்த்தேன். பறக்கவே இல்லை. விமானம் சென்னையில் அப்படியே நிற்கிறது. இவன் அரை மணி நேரமாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறான்.

விமானி அறையில் இரண்டு பேர் இருக்கைக்கும் நடுவில், முழங்கால் பக்கத்தில், சின்ன டி.வி. மாதிரி ஒரு பெட்டி. கீழே எழுத்து, எண் பொத்தான்கள். திரைக்கு இந்தப் பக்கம் ஆறு பொத்தான், அந்தப் பக்கம் ஆறு. விமானத்தின் வழிக் கம்ப்யூட்டரோடு பேசுகிற பெட்டி அதுதான். எஃப்.எம்.சி. என்கிறான். போகிற வழி முழுவதையும் தரையிலேயே அதில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மேலே போனபிறகு விமானம் அதைப் பார்த்துத்தான் திரும்பும், நேராகப் போகும், இறங்கத் தொடங்கும். திரையில் கட்டம் கட்டமாகக் காட்டினால் கட்டாயம் நிரப்ப வேண்டும். கோடு கோடாகக் காட்டினால் விருப்பம் இருந்தால் போதும். இந்த அளவுக்குத் தெளிவாக ஒரு விண்ணப்பப் படிவத்தை நான் எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை.

எனக்குப் பிடித்துப்போனது திரையின் கடைசி வரி. எதைத் தட்டினாலும் முதலில் அங்கேதான் விழும். ஸ்கிராட்ச்பேட் என்று பேர். நான் சிலேட்டு என்கிறேன். சிலேட்டில் எழுதிச் சரிபார்த்து, அப்புறம் எந்த வரிக்கு வேண்டுமோ அந்த வரியின் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் எழுத்து மேலே ஏறி உட்காரும். தப்பாக எழுதினால் அங்கேயே பதில் வந்துவிடும். 'இன்வேலிட் என்ட்ரி' என்றால் நீ எழுதின முறையே தப்பு. 'நாட் இன் டேட்டா பேஸ்' என்றால் முறை சரி, அப்படி ஓர் இடம் என் கணக்கில் இல்லை. இரண்டும் வேறு வேறு. எங்கள் ஆட்களின் மனுவுக்கு வருகிற பதிலில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

அன்றிலிருந்து நானும் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். அவன் எழுதுவான், நான் அவனுடைய நாற்பது பக்க நோட்டைப் பார்த்து வாசிப்பேன். நிஜ விமானத்திலும் அப்படித்தானாம். ஒருத்தர் எழுதினால் இன்னொருத்தர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான் இந்த இதழுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். ஒற்று விட்டுப்போனால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் அந்த வேலை எனக்குப் பொருந்திவிட்டது.

போகிற இடத்தைக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பெட்டி, நீ இருக்கிற இடத்தைச் சொல் என்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை. விமானத்துக்குள் இருக்கிற கருவி பூமி சுழல்வதை உணர்கிறது. அதை வைத்துத் தான் நிற்கிற அட்சரேகையை அதுவே கணக்குப் போட்டுவிடும். தப்பாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாது. தீர்க்கரேகையை மட்டும் அதனால் உணர முடியாது, நாம்தான் சொல்லியாக வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் விமானத்தை அசைக்கக்கூடாது. "நிக்கிற எடம் தெரியாம போற எடம் தெரியாது சின்னம்மா" என்றான். பொடிப்பயல் பெரிய வார்த்தை பேசுகிறான் என்று நினைத்தேன். அவன் கருவியைத்தான் சொன்னான்.

அப்புறம் புறப்படும் இடம்: வி.ஓ.எம்.எம். அது சென்னை. சேரும் இடம்: வி.ஓ.எம்.டி. மதுரை. தெற்காசியப் பக்கத்துக்கு வி, அதில் தென்னிந்தியாவுக்கு ஓ. திருச்சி வி.ஓ.டி.ஆர்., கொழும்பு வி.சி.பி.ஐ. என்று போகிறது. கடலைத் தாண்டினதும் இரண்டாவது எழுத்து மாறிவிடுகிறது.

அதற்குப் பிறகுதான் வழி. இரண்டு பத்தி. இடது பக்கம் 'வயா', எதன் வழியாக. வலது பக்கம் 'டு', எது வரைக்கும். ஆகாயத்திலும் சாலை உண்டு. அதற்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர். சாலையின் பெயரை இடது பக்கம் போட்டு, எந்தப் புள்ளியில் இறங்குகிறோம் என்பதை வலது பக்கம் போட வேண்டும். அந்தப் புள்ளி அந்தச் சாலையில் இல்லாவிட்டால் ஏற்றுக்கொள்ளாது. முன்னாடி நிற்கிற சீருக்கும் பின்னாடி வருகிற சீருக்கும் ஒட்டு இருக்க வேண்டும் என்று கல்லூரியில் யாப்பு நடத்தினார்களே, அதேதான்.

புள்ளிகளுக்குப் பெரும்பாலும் ஐந்தெழுத்துப் பெயர். வாயால் சொல்ல வரவேண்டும், அவ்வளவுதான். பொருள் இருக்க வேண்டியதில்லை. ஐந்தெழுத்து என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே ஓதினார்களே, அந்த ஐந்தெழுத்து இல்லை இது. யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சில ஊரில் பொருளோடும் வைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி என்கிற ஊர் சுட்ட இறைச்சிக்குப் பேர்போனது. அதைச் சுற்றி ஆகாயத்தில் இருக்கும் புள்ளிகளுக்கு பார்பிக்யூ, ஸ்பைசி, ஸ்மோக், ரிப்ஸ் என்று பெயர். இறைச்சி, காரம், புகை, விலா எலும்பு. விமானி வானொலியில் இதைத்தான் சொல்லிக்கொண்டு இறங்குகிறான். தான் தின்கிற சோற்றுக்கு வெட்கப்படாத சனம். எங்கள் ஆகாயத்தில் கருவாடு என்று ஒரு புள்ளி இருந்தால் எப்படி இருக்கும் என்றேன். "அஞ்செழுத்துக்கு மேல போவுது சின்னம்மா" என்று இங்கிலீஷில் எண்ணிப் பார்த்துச் சொன்னான்.

இந்தப் பெயர்ப் பட்டியல் 28 நாளைக்கு ஒருமுறை புதுசாகிறது. புதுப் பட்டியல் வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். எங்கள் விமானம் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பறக்கிறது.

எல்லாம் எழுதி முடித்து, எந்த ஓடுபாதையில் ஏறுவது, எதில் இறங்குவது என்று தேர்ந்தெடுத்ததும் அடுத்த பக்கத்தில் வழி முழுவதும் வரிசையாக வந்து நின்றது. ஒவ்வொரு வரியிலும் எத்தனை டிகிரி, எத்தனை மைல். நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் கட்டங்கள். மேலே 'ரூட் டிஸ்கன்டினியூயிட்டி'. வழி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே ஒரு புள்ளி வரைக்கும் வழி, கீழே வேறொரு புள்ளியிலிருந்து வழி, நடுவில் ஒன்றும் இல்லை.

"தளை தட்டுது" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கு அது நல்ல பெயராகப்பட்டது, இப்போதும் அப்படித்தான் சொல்கிறோம்.

அந்த அறுந்த இடத்துக்கு அது தானாக ஒட்டுப்போடுவதில்லை. நேராக ஒரு கோடு இழுத்துவிட்டு எல்லாம் சரி என்று காட்டலாம், காட்டாது. இங்கே வழி இல்லை, நீ சொல் என்று கட்டத்தை வைத்துக்கொண்டு நிற்கும். அப்படியே பறந்தால் அந்த இடம் வந்ததும் வழிகாட்டுவதை விட்டுவிடும். சரிசெய்வது சுலபம். கீழே இருக்கிற புள்ளியின் பொத்தானை அழுத்தினால் அது சிலேட்டுக்கு வரும், அதைக் கொண்டுபோய்க் கட்டத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் எல்லா அறுப்பையும் ஒட்டிவிடக் கூடாது என்றான். சில இடத்தில் வேண்டுமென்றேதான் விட்டிருப்பார்களாம், அங்கே தரையிலிருந்து கன்ட்ரோலர் சொல்கிறபடி போக வேண்டும். அதனால் ஒட்டுவதற்கு முன்னால் இது எதற்காக அறுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எதை மாற்றினாலும் தலைப்பில் 'மாட்' என்று காட்டும். இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். எக்ஸிக்யூட் பொத்தானுக்கு மேலே ஒரு சின்ன வெளிச்சம் எரியும். ஒன்று அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால் அதுதான் வழி. நான் அவசரத்தில் ஒருநாள் எட்டி அழுத்திவிட்டேன். கையைத் தட்டிவிட்டான். "படிக்காம அழுத்தக்கூடாது சின்னம்மா. கலில என்ன ஆச்சின்னு தெரியுமா?" என்றான்.

கலி என்பது கொலம்பியாவில் ஓர் ஊர். 1995 டிசம்பர் 20, ராத்திரி. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 965ஆம் விமானம், போயிங் 757, மயாமியிலிருந்து கலிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு. வேறு ஓடுபாதையில் நேராக இறங்குகிறீர்களா என்று தரையிலிருந்து கேட்டார்கள். சரி என்றுவிட்டார்கள். நேரம் மிச்சம், ஆனால் எல்லாவற்றையும் அவசரமாக மாற்ற வேண்டும். போகவேண்டிய புள்ளி ரோஸோ என்கிற வானொலிக் கம்பம். கையில் இருந்த வரைபடத்தில் அதற்கு 'ஆர்' என்று ஒரே எழுத்து. விமானி கம்ப்யூட்டரில் ஆர் என்று தட்டினார். கம்ப்யூட்டரிலோ ஆர் என்று கேட்டால் ரோஸோ வராது. அதை நாலெழுத்தில் முழுசாக எழுதினால்தான் வரும். ஆர் என்றால் பட்டியலில் முதலில் நிற்பது ரோமியோ. அது இருப்பது போகோட்டா பக்கம், 200 கிலோமீட்டருக்கும் அப்பால். முதலில் நிற்பதுதானே நம்முடையது என்று எடுத்து, பக்கத்தில் இருப்பவர் ஒப்பிடாமலே, எக்ஸிக்யூட்.

விமானம் சொன்னபடி கேட்டது. இருட்டில் இடது பக்கமாக போகோட்டாவைப் பார்த்துத் திரும்பியது. தப்பு தெரிந்து திரும்பவும் வலது பக்கம் ஒடித்தபோது குறுக்கே மலை நின்றது. 163 பேரில் 159 பேர் செத்தார்கள்.

எழுதினவர் பேரில் மட்டும் தப்பு என்று அங்கே விட்டுவிடவில்லை. 2000இல் மயாமியில் ஜூரி உட்கார்ந்து தப்பைப் பங்கு போட்டது. விமானக் கம்பெனிக்கு நூற்றுக்கு 75. வரைபடத்தையும் பட்டியலையும் போட்டுக்கொடுத்த கம்பெனிக்கு 17. கம்ப்யூட்டர் செய்த கம்பெனிக்கு 8. வரைபடத்தில் ஓர் எழுத்தும் பெட்டியில் வேறொன்றும் வைத்தவனுக்கும் அதில் பங்கு உண்டு என்று ஆனது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விமானத்தை நினைத்து இல்லை.

இதை நான் இதுவரை எழுதியதில்லை. எங்கள் தெருவுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் ஊர்க்காரர் நெல் வயல். பழைய கணக்கில் அந்த இடத்தில் வண்டிப்பாதை புறம்போக்கு இருக்கிறது. சர்வே எண் 84/2ஏ. ஒட்டினாற்போல் 84/2பி, அது பட்டா நிலம். வருஷத்துக்கு ஓர் ஏர் என்று உழுது உழுது 2ஏ, 2பிக்குள் போய்விட்டது. 2018இல் பாதையை அளந்து கொடுக்கச் சொல்லி மனு எழுதினேன். 73 பேர். பாதிக்கு மேல் கைநாட்டு. வீடு வீடாகப் போய் மை தடவி வாங்கினேன். கையால் எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு கடையில் டைப் அடிக்கக் கொடுத்தேன். திங்கள்கிழமை, மனு நாள், கூட்டம். டோக்கன் முடியப்போகிறது என்று யாரோ கத்தினார்கள். அடித்துக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

படித்துப் பார்க்கவில்லை. ஊரார் எழுதின கட்டுரையில் எல்லாம் ஒற்றுப்பிழை தேடுகிற நான், 73 பேர் கைநாட்டு வைத்த தாளைப் படிக்கவில்லை. அதில் 84/2பி என்று இருந்தது.

மூன்று மாதம் கழித்து இரண்டு வரியில் பதில். மனுவில் குறிப்பிட்ட சர்வே எண் பட்டா நிலம் என்பதால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை, மனு முடித்துவைக்கப்பட்டது. அப்போதுதான் நகலை எடுத்துப் பார்த்தேன். திருத்தி மறுபடி கொடுத்தேன். இதே பொருள் குறித்து ஏற்கெனவே பதில் அளிக்கப்பட்டது என்று வந்தது. வண்டிப்பாதை என்று மனுவில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது. புலப்படத்தை விரித்து வைத்தால் பாதை பக்கத்துக் கட்டத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியும். யாரும் விரிக்கவில்லை. எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பி என்று தட்டின பிழை என்னுடையது. அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை. ஆனால் அந்த ஓர் எழுத்துக்குள்ளே ஒரு தெருவின் சுடுகாட்டுப் பாதையை மடித்து வைத்துக் கோப்பை மூடினார்களே, அது என் பங்கு இல்லை.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், பாதை விடாததால், நம் ஆள் ஒருவரின் பிணத்தைப் பாலத்து மேலேயிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். எல்லாரும் பார்த்தீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அடுத்து வந்த ஐப்பசியில் எங்கள் பெரியம்மா செத்துப்போனாள். என்னுடைய எம்.ஏ. பரீட்சைப் பணத்துக்கு ஆட்டுக்குட்டியை விற்றவள். மழை. வயலில் முழங்கால் தண்ணீர், நடவு முடிந்த சேறு. பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னாடி தூக்கின ஆள் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நாற்றை மிதித்துவிட்டோம் என்று வரப்பில் நின்று ஒருத்தன் வைதான். நான் பாடைக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே வாய்க்குள் "ஏ, ஏ" என்று சொல்லிக்கொண்டு போனேன். கூட வந்தவர்கள் நான் அழுவதாக நினைத்திருப்பார்கள்.

எங்கள் சனம் யாரும் என்னைக் கேட்கவில்லை. படிச்ச புள்ள எழுதினா சரியாத்தான் இருக்கும் என்று கட்டைவிரலை நீட்டினவர்கள் அவர்கள்.

இதை அக்கா மகனிடம் சொன்னேன். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம தெருவ வழில போடலாமா சின்னம்மா?" என்றான்.

சென்னையிலிருந்து மதுரைக்கு நேராகக் கோடு இழுத்தால் விழுப்புரம் பக்கமாகத்தான் போகும். சுமார் 420 கிலோமீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நாங்கள். பெயர் போட்டால் 'நாட் இன் டேட்டா பேஸ்' என்றுதான் வரும். ஆனால் பெயர் இல்லாத இடத்தையும் அந்தப் பெட்டி ஏற்றுக்கொள்கிறது, அட்சரேகை தீர்க்கரேகையாக எழுதினால். வடக்கு 11 டிகிரி 56 நிமிடம், ஒரு புள்ளி, ஓர் இலக்கம். கிழக்கு 079. முன்னால் இருக்கிற சுழியை விட்டால் 'இன்வேலிட் என்ட்ரி'. செல்போனைக் கொண்டுபோய் எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்று எண்ணை எடுத்தான். வேடிக்கைக்கு ஊருக்குள் கோயில் வாசலுக்கும் போய் எடுத்து வந்தான். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1852 மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு 185 மீட்டர். அதற்குக் கீழே அந்தப் பெட்டிக்குக் கணக்கு இல்லை. ஊருக்கும் எங்கள் தெருவுக்கும் 550 மீட்டர். எழுதிப் பார்த்தால் எல்லா எண்ணும் ஒன்று, கடைசி இலக்கத்தில் மட்டும் மூன்று வித்தியாசம்.

நான் எண்களை வாசித்தேன். அவன் தட்டினான். இரண்டாம் தரம் வாசித்தேன். வரியின் பொத்தானை அழுத்தியதும் பெட்டி அவ்வளவு எழுத்தையும் விழுங்கிவிட்டு ஒரு பெயரை வைத்தது: டபிள்யூ.பி.டி. 01. வழிப்புள்ளி ஒன்று. ஊரும் இல்லை, பேரும் இல்லை. எங்கள் பழைய ரேஷன் கார்டில் முகவரி என்ற இடத்தில் 'காலனி' என்று மட்டும் இருக்கும், அதுமாதிரி. அந்தச் சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து எடுத்துவிடப் போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். பெட்டி அதற்கு முன்னாலேயே எடுத்துவிட்டு எண் போட்டுவிட்டது. ஆனாலும் அந்த எண்ணுக்கு மேலே எத்தனை டிகிரி, பக்கத்தில் எத்தனை மைல் என்று மற்றப் புள்ளிகளுக்குப் போட்ட மாதிரியேதான் போட்டிருந்தது. வெளிச்சம் எரிந்தது. "நீங்களே அழுத்துங்க" என்றான்.

26,000 அடியில் போனோம். ராத்திரி. திரையில் ஊர்ச் சாலையின் விளக்குகள் தெரிந்தன. இந்த மென்பொருள் சாலைகளைப் பொதுவரைபடத்திலிருந்து எடுத்துப் போடுகிறதாம். யாராவது வரைந்திருந்தால்தான் இருக்கும். எங்கள் தெரு இருட்டாக இருந்தது. மேலே வந்ததும் டபிள்யூ.பி.டி. 01 வரிசையிலிருந்து மறைந்தது, அடுத்த புள்ளி மேலே ஏறிக்கொண்டது. பத்து விநாடிகூட இருக்காது. அக்கா தூக்கத்திலேயே "லைட்ட அணைங்கடா" என்றாள்.

இவனுக்கு விமானி ஆக வேண்டும். நம் நாட்டில் தொழில்முறை உரிமம் வாங்க 200 மணி நேரம் நிஜமாகப் பறந்திருக்க வேண்டும். அதற்குப் பல லட்சம் ஆகும். மேசையில் பறந்தது ஒரு நிமிடம்கூடக் கணக்கில் சேராது. அவனுக்கு அது தெரியும். தெரிந்தும் நாற்பது பக்க நோட்டின் பின்னட்டையில் கோடு போட்டுத் தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், நேரம் என்று எழுதிக்கொண்டு வருகிறான். போன வாரம் கூட்டிப் பார்த்தேன், 611 மணி. பகலில் செல்போன் கடையில் வேலை. உதவித்தொகைக்கு எங்கெங்கே விண்ணப்பிக்கலாம் என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும் என்று எழுதி உங்களை ஏமாற்றமாட்டேன்.

பாதை கதைக்கு வருகிறேன். 2022இல் ஒருவழியாக சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். 2023இல் கப்பி போட்டார்கள், வாய்க்கால் வரைக்கும். 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் அதிலும் கொஞ்சம் போனது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் 140 மீட்டர் இன்னும் வயல்தான். அங்கே கல்லும் இல்லை, பாலமும் இல்லை. அந்த 140 மீட்டருக்குத்தான் இப்போது மனு. நாளைக்குத் திங்கள்கிழமை. இந்த முறை கடைக்குப் போகவில்லை. அவன் கம்ப்யூட்டரிலேயே அடித்து, கடை பிரின்டரில் ஓட்டிக்கொண்டு வந்தான்.

மேசை விளக்கடியில் அவன் மனுவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் புலப்படத்தின் நகலை விரித்துக்கொண்டேன்.

"நான் படிக்கிறேன், நீங்க பாருங்க" என்றான். "சர்வே எண் எண்பத்து நாலு, பை ரெண்டு, ஏ."

"ஏவா, பியா?"

"ஏ."

"வாய்க்காலுக்கு?"

"மேற்கே. நூத்தி நாப்பது மீட்டர்."

"முதல்லேர்ந்து இன்னொரு தரம் படி."

படித்தான்.